மெய்ந்நிகர் வகுப்பறையும் முன்னிலையும்

தொலைவில் உள்ளோரை ஓரிடத்தில் கூடியிருப்போராக உணரச் செய்வதே மெய்ந்நிகர் தொழில்நுட்பத்தின் தலையாய சிறப்பாகப் பேசப்படுகிறது. இவ்வுணர்வை ‘உடனிருப்பு’ என்பர். கல்விக்கு வேண்டுவது உடனிருப்பா, முன்னிலையா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இலக்கணத்தில் முன்னிலை என்பது கேட்போனைக் குறிக்கும். கண்ணெதிரே தோன்றும் யாவரும் முன்னிலையாகார். விளிக்கப்பட்டு, மறுமொழி கூறக் கடப்பாடுடையோரே முன்னிலையாவர்.

2018ஆம் ஆண்டு பரோங், மேயர் ஆகிய இருவரும் மனிதக் குருதியோட்டம் பற்றிய பாடத்தை ஒரு சாராருக்குத் தலையில் அணியும் கருவி வழியாகவும், மற்றொரு சாராருக்குக் கணினித் திரையில் படவில்லைகளாகவும் வழங்கினர். கருவி அணிந்தோர் மிகுந்த ஆர்வம் காட்டினர். தேர்விலோ படவில்லை கண்டோரே முந்தினர். 2019இல் வெளிவந்த மக்ரான்ஸ்கி குழுவினரின் ஆய்வும் இதனையொத்த முடிவையே தந்தது. ஆய்வுக்கூடப் பாடத்தில் உடனிருப்பு உணர்வு கூடிற்று, கற்றல் குறைந்தது. மூளை மின்னலைப் பதிவுகள் கற்போரின் மனச்சுமை மிகுந்திருந்ததைக் காட்டின. இவற்றில் மாணவர் தனித்தே கற்றனர் என்பதை நோக்க, கூடிக் கற்றலுக்கு இம்முடிவுகளை அப்படியே பொருத்துதல் முறையன்று.

எனினும் முதலாவது ஆய்வின் பிற்பகுதி நம் ஆசிரியர்கள் கருதத்தக்கது. பாடத்தை இடையிடையே நிறுத்தி, கண்டதைத் தம் சொற்களில் சுருக்கி எழுதச் செய்தபோது கருவி அணிந்தோரின் கற்றல் உயர்ந்தது. நன்னூல் பாயிரம் ஆசிரியர் கூற்றைக் கேட்டலுக்குக் காற்பங்கும், உடன்பயில்வோரொடு பழகுதலுக்குக் காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலுக்கு எஞ்சிய அரைப்பங்கும் அளிக்கிறது. காட்சியின் வியப்பு முதற் காற்பங்கையே அழகுபடுத்துகிறது. அதற்கே பெரும்பொருள் செலவிடப்படுகிறது.

இரண்டாம் காற்பங்குக்கு இக்கருவி உதவக்கூடும். 2021இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பெய்லென்சன் நடத்திய பாடத்தில் மாணவர்கள் தத்தம் இடங்களிலிருந்தே கருவியணிந்து சிறு குழுக்களாக உரையாடினர். வாரங்கள் செல்லச் செல்ல உடனிருப்பு உணர்வு வளர்ந்ததாக அறியப்படுகிறது. ஒருநாட் காட்சி விளக்கத்தைக் கொண்டு இக்கருவியைப் போற்றுவதும் தூற்றுவதும் ஒப்பவே பிழையாம்.

பெரும் இடர் வேறோரிடத்தில் உள்ளது. 2003இல் தோன்றிய செகண்ட் லைஃப் உலகில் பல பல்கலைக்கழகங்கள் தீவுகளை வாங்கி வளாகங்கள் எழுப்பின. கல்வி நிறுவனங்களுக்கான கட்டணச் சலுகை நிறுத்தப்படும் என 2010இல் அறிவிக்கப்பட்டதும் பல வெளியேறின. கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் 2021இல் மூடப்பட்டது. 2020இல் அனைத்துலக மெய்ந்நிகர் மாநாடொன்றுக்கே அரங்காயிருந்த மொசில்லா ஹப்ஸ் 2024 மே 31ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. பொருள்வளம் மிக்க துறைகள் மீண்டும் கட்டிக்கொள்ளும். ஓரிரு விரிவுரையாளரின் ஓய்வு நேர உழைப்பால் சங்ககாலத் திணை நிலத்தையோ பழைய கோயிலையோ வடித்தெடுக்கும் ஒரு தமிழ்த்துறைக்கு அஃது இயலுமா? ஹப்ஸின் மூலநிரல் திறந்த நிலையில் இருந்தமையால் அதனைத் தம் வழங்கியில் நிறுவிக்கொள்ள வழி எஞ்சிற்று. கருவி வாங்குமுன் தமிழ்த்துறைகள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, வடித்த அரங்கையும் மாணவர் உரையாடற் பதிவுகளையும் வெளியே எடுத்துச் செல்ல இயலுமா என்பதே. காட்சியின் தெளிவு பற்றிய கேள்வி அதற்குப் பின்னரே வரும்.