மதிலும் கதவும்

அண்டை வீட்டாரிடையே எழும் சுவரைப் பாடிய கவிஞர் யார் என வினவினால், கல்லூரியில் ஆங்கிலம் பயின்றோர் இராபர்ட் ஃபிராஸ்டின் பெயரையே சொல்வர். 1914-இல் வெளிவந்த தொகுப்பிலுள்ள அவரது சுவர்க் கவிதை, சுவர்களுக்கு எதிரானதென்றே பலரும் கொண்டுள்ளனர். ஊன்றிப் படித்தால் வேறொன்று புலப்படும். சுவர் எதற்கென ஐயுறும் அம்மனிதனே, சரிந்த கற்களை எடுத்தடுக்க அண்டை நிலத்தானை அழைக்கிறான்! கவிதையின் உயிர்நிலை இதுவே. பெர்லின் சுவர் எழுந்த மறு ஆண்டு, 1962-இல், சோவியத் நாட்டுக்குச் சென்ற ஃபிராஸ்ட் ஆங்கே இக்கவிதையைப் படித்தார்.

நம் புறநானூற்றின் 44-ஆம் பாட்டு இதனினும் கூரியது என்பது என் துணிபு. நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்து உள்ளிருக்கிறான். இருவரும் சோழர். நீராடலும் கவளமும் இன்றிப் புரளும் யானைகளையும், பாலின்றி அழும் குழந்தைகளையும், பூவிழந்த மகளிர் கூந்தலையும் கோவூர் கிழார் காட்டுகிறார். மதிலை இடிக்குமாறு அவர் சொல்லவில்லை. அறவழியினனாயின் கதவைத் திறந்து நகரை விட்டுக்கொடுக்கலாம். வீரனாயின் திறந்து வெளிப்போந்து பொரலாம். இரண்டுமின்றி அடைத்துக்கொண்டிருப்பதே நாணத்தக்கது என்கிறார்.

மதுரை மாவட்டத்து உத்தபுரத்தை இவ்விடத்து நினைவுகூர வேண்டும். 1989-இல் சாதிக் கலவரத்தை அடுத்து அங்கே ஒரு சுவர் எழுந்து, தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து நிறுத்தியது. போராட்டங்களின் பின், 2008 மே 6 அன்று அரசு அதன் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. எதிர்த் தரப்பினர் பலர் ஊரைவிட்டே வெளியேறினர். 2011-இல் உடன்பாடு கண்ட பிறகே தலித் மக்கள் அவ்வூர்க் கோயிலுள் சென்று வழிபட்டனர். முதல் திறப்பு அதிகாரத்தால் வந்தது. அடுத்ததற்கு இரு தரப்பின் இசைவு வேண்டியிருந்தது. திறப்பதற்கு இரு வழிகளுண்டு என்ற புலவரின் பாகுபாட்டின் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கிற்று.

எனினும் பாட்டுக்கும் ஓர் எல்லையுண்டு. அதை மறைத்தல் திறனாய்வாகாது. 45-ஆம் பாட்டில் அதே புலவர், இருவர் கண்ணியும் ஆத்தியே எனச் சுட்டி, எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என இடித்துரைக்கிறார். ஃபிராஸ்டின் அண்டையாரும் நிலமுடைய இருவர். உத்தபுரத்திலோ சமநிலை ஏது? ஆவூரில் கதவடைத்தவனின் குடிகள் உள்ளே வாடினர். உத்தபுரத்தில் வாடியோர், அச்சுவரால் ஒதுக்கப்பட்டோர்.

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே சென்றுவிடலாம். இடையில் கோட்டை மதில் ஏதுமில்லை. ஆயினும் அப்பக்கத்துத் தமிழர் இல்லத்தில் இப்பக்கத்துத் தமிழர் கைநனைத்தது எத்தனை முறை? நம் விழா மேடைகளில், யாவரும் கேளிர் என உரைக்கும் 192-ஆம் பாட்டு தவறாமல் முழங்குகிறது. 44-ஆம் பாட்டை எடுப்பார் அரியர். அடுத்த ஆண்டு புலவர் ஒருவர் அதற்கு உரை சொல்லக் கேட்க விழைகிறேன். கூட்டத்தைத் தாராவியில் வைத்துக்கொண்டால் இன்னும் நன்று.