பாலத்திற்கும் ஒரு கங்காணி

பாலங்களின் உறுதியை நெடுங்காலம் தொடர்ந்து அளந்தறியும் துறையைக் 'கட்டமைப்பு நலக் கண்காணிப்பு' என்கின்றனர். 'கண்காணி' என்பதே 'கங்காணி' என மருவிற்று. ஆகவே, மலாக்காத் தோட்டத் தமிழர் செவியில் அச்சொல் பழைய அதட்டலையும் எழுப்பும். அதனை விடுத்துச் 'சோதனை' என்றே வழங்கலாமா எனின், பொருள் குறைபடும். சோதனை ஒருநாட் பார்வை. கண்காணிப்போ, நேற்றைய அளவோடு இன்றைய அளவை ஓயாது ஒப்பிடுவது. பெரட்டில் நாள்தோறும் ஆளெண்ணியதால்தான், வராதவர் யாரென்று கங்காணி அறிந்தார்.

1914இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலத்திலே சென்னை ஐ.ஐ.டி. பிற்காலத்தில் உணர்கருவிகளைப் பொருத்தியது. 2022 டிசம்பரில் அவை எச்சரிக்கவே, இரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. கண்ணுக்குப் புலனாகாத அதிர்வையும் நெளிவையும் கருவி காட்டும். காரணம் ஆராய்ந்து முடிவு கூறுபவர் பொறியாளரே.

தோட்டத்தில் ஆளை அடக்கப் பயன்பட்ட சொல், பாலத்தில் ஆளைக் காக்கப் பயன்படுகின்றது. குற்றம் சொல்லினது அன்று, அதனை ஆண்டவரது. தமிழாசிரியர்கள் அக்கலைச்சொல்லைத் தயங்காது வழங்கலாம்; கங்காணியின் கதையையும் உடன் சொல்லிக்கொடுத்தால், மாணவர் அதை மறவார்.