உளி பட்ட பள்ளத்தாக்கு

ஈப்போவிலிருந்து தெற்கே போக இரண்டு வழி உண்டு. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால் கம்பார் வருவதே தெரியாது. கிந்தா பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டதாகச் சொல்லியும் கொள்ளலாம். நான் பழைய சாலைக் கட்சி. சிம்பாங் பூலாய், கோப்பெங் என்று ஊர் ஊராக நுழைந்து, பத்து காஜா பக்கம் திரும்பி, தஞ்சோங் துவாலாங் வரை இறங்கி, பாப்பான் வழியாக ஈப்போ திரும்பும் சுற்று. ஈப்போ ரயில் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடங்களை ரசிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இத்தாலியின் வால் தோர்ச்சா பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2004இல் உலக மரபிடங்களில் சேர்த்தது. சியெனா நகரத்தார் தங்கள் நல்லாட்சி கண்ணுக்குத் தெரியும்படி வயலும் சாலையும் பண்ணைவீடுமாகத் திட்டமிட்டு அமைத்த நிலம் அது. மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் அதை வரைந்து வரைந்து உலகத்துக்கே அழகின் இலக்கணம் ஆக்கினார்கள். கிந்தாவில் யாரும் அழகுக்காக ஒரு கல்லையும் நகர்த்தவில்லை. ஈயம் எடுக்க வந்தார்கள், ரப்பர் பால் எடுக்க வந்தார்கள், கல் எடுக்க வந்தார்கள். எடுத்தது போக மிஞ்சியதைத்தான் நாம் இன்று காரை ஓரங்கட்டிவிட்டுப் படம் பிடிக்கிறோம். அந்த மிச்சத்தில் கைவேலை தெரிகிறது. அதைத் தேடிப் பார்ப்பதில்தான் எனக்கு ருசி.

முதல் கைவேலை மழையுடையது. கிழக்கே தித்திவங்சா, மேற்கே கிளேடாங். இரண்டும் கருங்கல் தொடர்கள். நடுவே தட்டையான தரையிலிருந்து சுவர் வைத்ததுபோல் எழும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். கடலடியில் குறைந்தது 25 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த கல் இது. மழைநீரின் மெல்லிய அமிலம் அதைக் கரைத்துக் கரைத்துக் குகையும் கூம்புமாக்கியது. பெரும்பாலோர் தலையை நிமிர்த்தி இதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். விஷயமே காலடியில் இருக்கிறது. மண்ணுக்குக் கீழேயும் அதே சுண்ணாம்புப் பாறை, அதே கூம்புகளும் குழிகளுமாகப் புதைந்து கிடக்கிறது. கருங்கல் மலைகளிலிருந்து ஆறுகள் அடித்துவந்த ஈயத்தாது, கனமானதால் அந்தக் குழிகளில் போய்த் தங்கிவிட்டது. மேலே குன்றைச் செதுக்கிய தண்ணீரே கீழே ஈயத்துக்குக் கிண்ணமும் செய்து வைத்திருக்கிறது. உலகத்தின் மிகச் செழிப்பான ஈயவயல்களில் ஒன்று உருவான கதை இவ்வளவுதான்.

குன்றுகளை வெறும் அழகாகப் பார்க்க ஈப்போத் தமிழர்களால் முடியாது. குனோங் சேரோ குன்றின் குகைக்குள் கல்லுமலை முருகன் இருக்கிறான். தைப்பூசத்துக்கு ஊரே அங்கே திரளும். அதே குன்றடியில்தான் எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் கச்சாங் பூத்தே வறுத்து விற்றுப் பிழைத்தன. 1973 அக்டோபரில் பாறை பெயர்ந்து வரிசை வீட்டின் மேல் விழுந்தது; ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். அந்தக் கடலையும் முறுக்கும் இன்றைக்கு ஈப்போவின் புந்தோங் பகுதியில் பொரிகின்றன. சிம்பாங் பூலாய் தாண்டும்போது பாதி வெட்டப்பட்ட குன்றுகளையும் பார்க்கலாம். 2018இல் பள்ளத்தாக்குக்குத் தேசியப் புவிப்பூங்கா என்ற பட்டம் கிடைத்தது, கல்லுடைப்பும் நிற்கவில்லை. வெட்டுமுகத்தில் வெள்ளைப் பளிங்கும் சாம்பல் ரேகையும் மாலை வெயிலில் மின்னும்போது, இதை ரசிக்கலாமா என்று ஒரு கூச்சம் வரும். எனக்கு வராமல் இருந்ததில்லை. பார்க்காமல் வந்ததும் இல்லை.

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் ஈயக் கப்பல் ஒன்று கரையோரம் நிற்கிறது. 1938இல் கட்டியது, எடை 4,500 டன், டி.டி.5 என்று பெயர். துருப்பிடித்த தகரமும் இரும்புச் சட்டமுமான பல மாடிக் கட்டடம் தண்ணீரில் மிதப்பதை முதலில் நம்பவே முடியாது. அது வேலை செய்த விதம் அதைவிட வினோதம். முன்பக்கம் இரும்பு வாளிகள் சங்கிலியாகச் சுழன்று கரையைத் தோண்டும். உள்ளே ஈயத்தைப் பிரித்துவிட்டு மணலைப் பின்பக்கம் துப்பும். முன்னால் குட்டை வளர, பின்னால் தூர, கப்பல் தன் குட்டையையும் கூடவே இழுத்துக்கொண்டு நிலத்தில் பயணம் போகும். தெற்கே இருந்த சதுப்புச் சமவெளிக்கு இது சரி. கூம்புப் பாறைகள் நெருங்கிய வடக்கில் வாளி மாட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே நீர்பீய்ச்சி மண்ணைக் கரைத்து, குழம்பைப் பம்பில் ஏற்றினார்கள். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்து விலை விழுந்தது. பம்புகள் நின்றன, குழிகளில் மழை நிரம்பியது. பச்சையும் நீலமுமாகப் பரவிக் கிடக்கும் ஈயக்குட்டைகளை இயற்கை ஏரி என்று நினைத்து ரசிப்பவர்கள் ஏராளம். வெள்ளை மணல்மேட்டையும் ஓரத்துக் கரை வெட்டையும் கவனித்தால் பிறப்பு தெரிந்துவிடும். இன்று அவற்றில் சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள். தஞ்சோங் துவாலாங்கின் பெரிய ஆற்று இறாலுக்கு ஈப்போவிலிருந்து ஆள் போகிறது.

இந்தப் பள்ளத்தாக்குக்கும் ஓர் ஓவியன் உண்டு. 1951இல் கோப்பெங் அருகே பிறந்த கேலிச்சித்திரக்காரர் லாட். 1979இல் வந்த அவருடைய ‘கம்போங் பாய்’ புத்தகத்தில் ஈயக் கப்பல் ஒரு பாத்திரமாகவே நடமாடுகிறது. சியெனா ஓவியர்களுக்கு இருந்த பொன்வண்ணம் அவரிடம் இல்லை. கறுப்பு மையால் நெளித்து நெளித்து இழுத்த கோடுகளே போதுமாக இருந்தன. ஓட்டை உடைசலான இரும்பின் அழகுக்கு அதுதான் சரியான தூரிகை.

இதே சுற்றில் வரும் கெல்லி கோட்டையைப் பற்றி நான் கொஞ்சம் மரியாதைக்குறைவாகத்தான் பேசுவேன். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய மாளிகை. 1926இல் லிஸ்பனில் அவர் இறந்ததும் முடியாமல் நின்றது. பேய்க்கதை தேடி வருவோருக்கு நல்ல இடம். சென்னை மாகாணத்திலிருந்து வரவழைத்த 70 கைவினைஞர்கள் கட்டினார்கள், விஷக்காய்ச்சலில் பலர் இறந்தார்கள் என்பதை நினைத்தபடி அந்தச் செங்கல் வளைவுகளைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். உண்மையான ரசனைக்கு, சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போகவேண்டும். காய்ச்சலுக்குப் பயந்த தொழிலாளர்கள் கேட்டுக்கொள்ள, துரை கட்டிக்கொடுத்தார் என்பது ஊர்ப்பேச்சு. தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். மதுரைப் புதுமண்டபத் தூணில் திருமலை நாயக்கர் நிற்பதைக் கண்டவர்களுக்குச் சிரிப்பு வராது. திருப்பணி செய்தவனுக்குக் கோயிலில் இடம் கொடுப்பது நம் சிற்ப மரபு. செய்தவன் தொப்பி போட்டிருந்தால் தொப்பியோடு.

பாப்பானில் அதிக நேரம் வேண்டாம். பெரிய வீதி 74ஆம் எண் கடைவீட்டில் மருந்தகம் நடத்தி, ஜப்பானியர் ஆட்சியில் காட்டுப் போராளிகளுக்குச் சிகிச்சை அளித்துச் சித்திரவதைப்பட்ட சிபில் கார்த்திகேசுவுக்காக ஒரு நிமிடம் நிற்கலாம். பக்கத்துச் சுவர்களை வேர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

கடைசியில் சொல்கிறேனே தவிர, எனக்கு இந்தப் பள்ளத்தாக்கின் முதல் கலை பால்வெட்டுதான். தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாகவோ வீடமைப்பாகவோ மாறிவிட்டன. சிறுதோட்டக்காரர்களின் ரப்பர் மரங்கள் அங்கங்கே மிச்சமிருக்கின்றன. விடியும் முன்பே வெட்டவேண்டும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் சுருங்கும். உளி இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குகிறது. பால்குழாய்கள் மரத்தைச் சுற்றி லேசாக வலஞ்சாய்ந்து ஏறுகின்றன என்பதால், எதிர்ச்சாய்வில் இறங்கும் கோடு அதிகக் குழாய்களைத் திறக்கும். ஒருமுறைக்குச் சீவுவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. ஆழத்தில்தான் கை தெரியும். மேலோட்டமாக வெட்டினால் மங்குக் கோப்பையில் பால் சேராது. கொஞ்சம் அழுத்தினால் மரத்தின் வளர்படலத்தில் காயம். கைவிளக்கின் வெளிச்சத்தில், கொசுக்கடியில், சில நொடியில் அடுத்த மரத்துக்கு நகரும் வேகத்தில் இந்தக் கணக்கைக் கை தானாகப் போடவேண்டும். நெறை என்ற மர வரிசையில் நூற்றுக்கணக்கான மரங்கள். பெரட்டு என்ற காலை வருகைப்பதிவில் பேர் கொடுத்துவிட்டு இருட்டில் நுழைந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தார்கள். யாரும் இதைக் கலை என்று அவர்களிடம் சொன்னதில்லை. தோட்டத்துக் கணக்கர் கிராணி சொன்னது பாலின் எடை மட்டும்.

நல்ல கைக்கும் மோசமான கைக்கும் சாட்சி மரத்திலேயே இருக்கிறது. பழைய ரப்பர் மரம் கண்டால் நெருங்கிப் போய்ப் பட்டையைத் தடவிப் பாருங்கள். முண்டும் முடிச்சுமாக இருந்தால் உளி உள்ளே இறங்கிவிட்டது. வழவழவென்று பட்டை மறுபடி மூடியிருந்தால், அதே இடத்தில் மீண்டும் கோடு போடலாம் என்று விட்டுப்போன கை அது. பால் வெட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால் நெறைக்குள் குறுக்கே நிற்காதீர்கள். பால் எடுத்து முடிந்து வெட்டுகிறவர்கள் உட்காரும்போது போய்ப் பேசுங்கள். உளியை எப்படித் தீட்டுவது என்று கேட்டால் அரை மணி நேரம் சொல்வார்கள்.