வாராப் பருவம்: காட்டேரிப் புனைகதையில் அழுகைச் சுவை

இரத்தக் காட்டேரியைப் பொருளாகக் கொண்ட மேலைநாட்டுப் புனைகதைகள் பெரும்பாலும் அச்சச் சுவை பற்றியன. தொல்காப்பியர் அச்சத்திற்குக் கூறும் நிலைக்களன் நான்கனுள் முதலாவதாகிய அணங்கினுள் இவற்றை அடக்கலாம். ஆயின், இளங்குழந்தை காட்டேரியாக்கப்படுமிடத்து அச்சம் திரிந்து அழுகையாதலும் உண்டு. அத்திரிபிற்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

ஆன் ரைஸ் 1976இல் வெளியிட்ட 'இன்டர்வியூ வித் தி வேம்பயர்' என்னும் புதினத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் கொள்ளைநோயால் இறந்த தாயின் அருகே 5 வயதுச் சிறுமி கிளாடியா காணப்படுகிறாள். தன்னைவிட்டு நீங்க எண்ணிய லூயியைப் பிணிக்கும் கயிறாகவே லெஸ்டாட் அவளைக் காட்டேரியாக்குகிறான். 60 ஆண்டுகளுக்கு மேல் அவள் அறிவு முதிர்கின்றது. உடலோ 5 வயதிலேயே நின்றுவிடுகின்றது. கொல்லும் ஆற்றல் உடையவள், தனித்து வாழும் ஆற்றல் இலள். அதனாலன்றோ, லூயி தன்னைப் பிரிவான் என்று பாரிசில் அஞ்சி, மகளை இழந்த மேடலின் என்னும் பொம்மை செய்பவளைத் தனக்குத் துணையாகக் காட்டேரியாக்குமாறு அவனை வற்புறுத்துகிறாள்!

அழுகையின் நிலைக்களன்களுள் இழவும் ஒன்று. பொதுவாக இழவென்பது பெற்றதை இழத்தல். கிளாடியா இழந்தனவோ தனக்கு வாராத பருவங்கள். அவற்றை அறியும் அறிவு மட்டும் அவளுக்கு வாய்த்தமையே அவலம்.

குழந்தையின் தூய்மை கெடுதலே அவலத்திற்குக் காரணம் எனின், அது பொருந்தாது. ஸ்டெஃபனி மேயரின் 'பிரேக்கிங் டான்' (2008) என்னும் புதினத்திலும் குழந்தைக் காட்டேரிகள் பேசப்படுகின்றன. ஆண்டு உடலோடு அறிவும் வளராது நிற்கும். அக்குழந்தைகளின் சினம் ஊரையே அழிக்கவல்லது; ஆதலின் அவர்களைப் படைத்தல் கொலைத்தண்டத்திற்குரிய குற்றம். ஈண்டும் தூய்மை கெடுகின்றது. ஆயினும் அச்சமே மேலோங்குகின்றது. அழுகை உளதாயின், அது குழந்தையதன்று. அவரைக் காக்க முயன்று மடிந்தோரதேயாம். எனவே, உடல் நிற்ப அறிவு வளர்தலே குழந்தையின் அழுகைக்குக் காரணம் என்பது பெறப்படும்.

ரைஸ் தம் மகளை 1972இல் நோய்க்குப் பறிகொடுத்தார்; அம்மகளுக்கும் அப்போது வயது 5. மகளைச் சாவினின்று மீட்கும் கனவைக் கதையில் நிறைவேற்றிக்கொள்ள அவருக்குத் தடையில்லை. எனினும், அங்ஙனம் மீட்கப்பட்ட குழந்தை வாழ்வு பெறவில்லை என்று காட்டினார். அவ்வுண்மையே அப்புதினத்தைப் பேய்க்கதை என்னும் நிலையினின்று உயர்த்துகின்றது எனலாம்.