நிலாவரைக் கிணறும் மாத்தளைக் கணக்கும்

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வரலாற்றுப் பாடத்துக்கு ஒப்படை ஒன்று செய்யவேண்டியிருந்தது. பழைய நூல் ஒன்றை எடுத்து, அதை எழுதியவரை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லவேண்டும். “இலங்கையைப் பற்றி ஏதாவது இருக்கா அப்பா?” என்று கேட்டாள். டொரொன்டோ ரெக்ஸ்டேலில் அல்பியன் வீதி நூலகத்து மூலை மேசையில் இருந்து, சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்டின் ‘சிலோன்’ நூலை ஐபாடில் திறந்துகொடுத்தேன். அல்பியன் என்பது பிரிட்டன் தீவின் பழைய பெயர் என்பது அப்போதுதான் உறைத்தது. இடம் பொருத்தம்தான்.

1859இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வந்த நூல். சில மாதங்களுக்குள் பல பதிப்புகள் கண்டது. இன்றைக்கும் இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அதைத் தொடாமல் போவதில்லை.

நான் முதலில் தேடியது யாழ்ப்பாணப் பக்கங்களை. பனையில் அவர் விட்டுவைத்த பாகமே இல்லை. புகையிலைத் தோட்டம், பசளைக்காக ஆடுகளை வயலில் பட்டி அடைப்பது, கிணறுகள் எல்லாம் வருகின்றன. புத்தூர்க் கிணறும் வருகிறது. நவற்கிரியிலுள்ள எங்கள் நிலாவரைதான் அது. இராமர் அம்பு விட்டுத் தோண்டிய கிணறு, அடியே இல்லாத கிணறு என்று கதை கேட்டு வளர்ந்தவன் நான். டெனன்டுக்கு அந்தக் கதையைவிட நீர்தான் முக்கியம்: சுண்ணாம்புப் பாறைக்குள் மேலே நன்னீர் நிற்பதும் ஆழம் போகப் போக உப்பேறுவதும் ஏன்? கிணற்றடியில் நின்று கேட்டறிந்தவரின் எழுத்து அது. அந்தப் பக்கங்களில் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

ஆனால் இந்த மனிதர் ஊர் பார்க்க வந்த பயணி அல்லர், நாட்டை ஆண்டவர். கணக்கை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

பெல்ஃபாஸ்டில் 1804இல் பிறந்தபோது அவர் வெறும் ஜேம்ஸ் எமர்சன். இளைஞராகக் கிரேக்கத்துக்குப் போய், ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக எழுந்தவர்களின் பக்கம் நின்றார். 1830இல் நவீன கிரேக்கத்தின் வரலாற்றை எழுதினார். அடுத்த ஆண்டு வில்லியம் டெனன்ட் என்ற வங்கியாளரின் மகளை மணந்து, அந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். மாமனார், ஐக்கிய அயர்லாந்தியர் இயக்கத்தில் இருந்ததற்காக ஸ்கொட்லாந்தின் ஃபோர்ட் ஜோர்ஜில் சிறையிருந்தவர். மருமகனோ 1832இல் பெல்ஃபாஸ்டின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் போய், 1834இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்தே இருக்கவேண்டும் என்று வாதாடினார். மாறக்கூடாது என்றில்லை. ஆனால் கிரேக்கனுக்கு ஒரு நியாயம், அயர்லாந்துக்காரனுக்கு ஒரு நியாயம் என்பது அப்போதே தொடங்கிவிட்டது.

1845இல் குடியேற்ற நாட்டுச் செயலாளராக, தேசாதிபதிக்கு அடுத்த பதவியில், இலங்கைக்கு வந்தார். நிதி, வணிகம் பற்றி அவர் தயாரித்த அறிக்கையின் சாரம் எளிது: ஏற்றுமதித் தீர்வைகளை நீக்குங்கள், நட்டத்தை ஈடுசெய்யக் காணிவரி போடுங்கள். கோப்பித் துரைமாருக்குப் பிடித்த முதற்பாதி நடந்தது, இரண்டாம் பாதி நடக்கவில்லை. 1847இல் கோப்பி விலையும் விழ, அரசின் பெட்டி காலியாயிற்று. புதிதாக வந்த தேசாதிபதி டொறிங்டன் பிரபு 1848இல் துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி போட்டார். வீதி வேலைக்கு ஆண்டுக்கு 6 நாள் உழைக்கவேண்டும், இல்லையேல் 3 சிலின் கட்டவேண்டும்.

கண்டிச் சீமையில் சேனை செய்கிற ஒருவனை நினைத்துப் பாருங்கள். இரவில் காவற்பரண், கீழே நாய், கையில் பழைய துவக்கு. பன்றியும் யானையும் பயிரில் இறங்கினால் அவனுக்குள்ள ஆயுதமே இந்த இரண்டும்தான். துவக்குக்கு மட்டும் 2 சிலின் 6 பென்ஸ். காசையே அபூர்வமாகக் காண்கிறவனுக்கு அது வரியல்ல, தண்டம். இது டெனன்டுக்குத் தெரியாததா? பின்னால் 1867இல் காட்டு யானையைப் பற்றித் தனிநூலே எழுதியவர் அவர்.

1848 யூலை இறுதியில், வரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் தம்புள்ளையில் கொங்கலேகொட பண்டாவை அரசனாக முடிசூட்டினார்கள். மாத்தளை தாக்கப்பட்டது. இராணுவச் சட்டம் வந்தது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு சுடப்பட்டார், பிக்கு ஒருவர் காவியுடையோடே சுடப்பட்டார். இராணுவ மன்றங்கள் 18 பேரைக் கொன்றன. கிளர்ச்சிக்காரர் பக்கம் ஏறக்குறைய 200 உயிர்கள் போயின, படையில் ஒரே ஒருவனுக்குக் காயம்.

டெனன்டுக்காகப் பேசுகிறவர்கள் இரண்டு சொல்வார்கள். வரியும் இராணுவச் சட்டமும் டொறிங்டனின் கையெழுத்து. டெனன்டின் திட்டத்தில் பாதியைத்தான் எடுத்தார்கள். இரண்டும் உண்மை. போதாததற்கு, டொறிங்டன் லண்டனுக்கு எழுதிய தனிக் கடிதங்களில் டெனன்டையே தூற்றியிருக்கிறார். அவற்றை வரலாற்றாசிரியர் கே. எம். டி சில்வா 1965இல் பதிப்பித்தார். இன்னொன்றையும் டெனன்டின் பக்கத்தில் நான் வைப்பேன். 1847இல் சில வாரம் பதில் தேசாதிபதியாக இருந்தபோது, கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் நிலைபற்றி அவர் லண்டனுக்கு எழுதினார். அதில் துரைமாரைக் காப்பாற்றவில்லை.

ஆனாலும், காணி அளவைகூட முடியாத நாட்டில் காணிவரி உடனே வராது என்று தெரிந்திருக்கவேண்டியவர் அவரே. வராத வரியை நம்பி வருகிற தீர்வையை நீக்கச் சொன்னது அவருடைய கணக்கு. பாராளுமன்றக் குழு விசாரித்தது, டொறிங்டன் 1850இல் போனார், டெனன்டும் போனார். சென் ஹெலினாவுக்கு ஆளுநராக நியமித்தார்கள், அங்கே அவர் போகவேயில்லை. லண்டனில் வர்த்தகச் சபைச் செயலாளராக 1867வரை இருந்து, பரம்பரைப் பட்டமும் பெற்றார். 1865இல் டிக்கன்ஸ் தன் நாவல் ஒன்றை அவருக்கு அர்ப்பணித்தார். மாத்தளை அவரை அதிகம் வருத்தியதாகத் தெரியவில்லை. வரிக்கு எதிராக எழுந்த கண்டியானிடத்தில் தன் பழைய கிரேக்கனை அவரால் காணமுடியவில்லை. அரசியல்வாதி டெனன்டைப் பற்றி என் முடிவு இதுதான்: கெட்டிக்காரர், பொறுப்பேற்காதவர்.

வரலாற்றாசிரியர் டெனன்டுக்கு இவ்வளவு சுருக்கமாகத் தீர்ப்பெழுத முடியாது. நூலின் மூன்றாம் பாகம் பண்டைய வரலாறு. அதன் முதுகெலும்பு, ஜோர்ஜ் டேணர் 1837இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மகாவம்சம். அநேகமாக முழு எடையையும் அந்த ஒன்றின்மேல் ஏற்றுகிறார். தமிழர் ‘மலபார்கள்’ ஆகிறார்கள். அந்தச் சொல் அவர் கண்டுபிடித்ததல்ல. போர்த்துக்கேயர் காலம்தொட்டு அலுவலகங்களில் புழங்கியது. சொல்லை மன்னிக்கலாம், அடுக்கை மன்னிக்கமுடியாது. தமிழ் அரசன் எல்லாளன், சிங்கள அரசன் துட்டகைமுனு பற்றிய அதிகாரத்துக்கு அவர் இட்ட தலைப்பு ‘சிங்கள வீரப்பண்பு’. எல்லாளனின் நீதியை மகாவம்சமே மறைக்கவில்லை, டெனன்டும் மறைக்கவில்லை. ஆனால் பண்பு யாருடையது என்பதைத் தலைப்பே தீர்த்துவிடுகிறது. பிறகு ‘மலபார்களின் ஆதிக்கம்’ என்று ஓர் அதிகாரம். யாழ்ப்பாண இராச்சியத்துக்குத் தனி அதிகாரமே இல்லை. கிணற்றின் ஆழத்தை விசாரித்தவர், அந்த மண்ணில் யார் அரசாண்டார்கள் என்பதை அந்த அக்கறையோடு விசாரிக்கவில்லை.

தமிழ் மூலங்கள் அவருக்கு எட்டவில்லை என்பது நியாயமான பதில்தான். யாழ்ப்பாண வைபவமாலை பிரிட்டோவின் ஆங்கிலத்தில் வந்தது 1879இல். ஆனால் கேட்க ஆள் இல்லாமலில்லை. சைமன் காசிச்செட்டி சட்ட நிரூபண சபையில் இருந்தவர், 1834இலேயே இலங்கை பற்றிய தகவற்கோவையை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். தமிழ்ப் புலவர்களைப் பற்றிய அவருடைய ‘தமிழ் புளூராக்’ யாழ்ப்பாணத்தில் அச்சேறியது 1859இல், டெனன்டின் நூல் வந்த அதே ஆண்டில். ஒன்றை உலகம் படித்தது, மற்றதை நாங்களே சரியாகப் படிக்கவில்லை.

வன்மம் என்று நான் சொல்லமாட்டேன். தமிழ் இளைஞர் படித்த வட்டுக்கோட்டைச் செமினரியை அவ்வளவு மெச்சிய மனிதருக்குத் தமிழர்மேல் வெறுப்பு இருந்ததாகக் காட்டமுடியாது. பிழை முறையில்தான் இருக்கிறது. மீனையும் யானையையும் பற்றி எழுதும்போது பத்துப் பேரிடம் கேட்டு ஒத்துப்பார்த்தவர், அரசர்களைப் பற்றி எழுதும்போது ஒரு சாட்சியோடு திருப்திப்பட்டார். எங்கள் பக்கத்தில் வரலாற்றாசிரியர் கார்த்திகேசு இந்திரபாலா, இலங்கைத் தமிழரின் தொடக்கம் பற்றி 1965இல் ஆய்வேட்டில் எழுதியதை, புதிய தொல்லியல் சான்றுகள் வந்தபின் 2005 நூலில் தானே திருத்தினார். தன் முடிவையே குறுக்குவிசாரணை செய்கிற அந்தப் பழக்கம் டெனன்டின் மூன்றாம் பாகத்தில் இல்லை.

மகள் இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அப்ப நம்பலாமா, ஏலாதா?” என்றாள். கிணற்றை நம்பு, யானையை நம்பு, மூன்றாம் பாகத்தை இந்திரபாலாவைப் பக்கத்தில் வைத்துப் படி, வரியைப் பற்றி மட்டும் அவரிடமே கேளாதே என்றேன். அவள் ஒப்படைக்கு எடுத்தது கிணற்றை. நிலாவரையின் படம் தேடி ஒட்டியிருந்தாள், கீழே புத்தூரின் பெயரை டெனன்டின் ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே எழுதியிருந்தாள். நான் அதைத் திருத்தவில்லை.