கூட்டுதலும் பெருக்குதலும்

மொழிபெயர்ப்புத் தாளில் ஒரு சின்ன ஆங்கில வாக்கியம் கொடுத்திருந்தேன். ‘டஸ்ட்’ என்ற சொல் அதில் வினையாக வருகிறது. ‘அவள் மேசையைத் தூசி தட்டினாள்’ என்பதுதான் நான் எதிர்பார்த்த விடை. ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் மாணவி ஒருத்தி, ‘அவள் மேசைமேல் மருந்து தூவினாள்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் சுழித்த பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். வெட்கமாகப் போயிற்று. ‘மருந்து’ அவள் ஊர்ச் சொல். ‘தூவினாள்’ அகராதியிலேயே இருக்கிறது.

தூசியை அகற்றுவதற்கும் தூளைத் தூவுவதற்கும் ஆங்கிலத்தில் அதே வினைதான். அலமாரியை டஸ்ட் செய்தால் தூசி போகும். கேக்கை டஸ்ட் செய்தால் சர்க்கரைத் தூள் வந்து சேரும். பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்கிவிடுவது ஆங்கிலத்தின் வழக்கம். தூசியை வைத்து அவள் ஏதோ செய்தாள் என்று மட்டும் அது சொல்லும். எடுத்தாளா, போட்டாளா என்பதை இடம் பார்த்து நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழில் அந்தக் குழப்பம் இல்லை, தூவு வேறு தட்டு வேறு என்று வகுப்பில் பெருமையாகத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டேன். நாம் நாள்தோறும் செய்யும் வேலைக்கு வைத்திருக்கும் சொற்கள் என்ன? கூட்டு, பெருக்கு. கணக்கு வாத்தியார் சொன்னால் எண் வளரும். வீட்டில் அம்மா சொன்னால் குப்பை போகும். துடைப்பம் என்ற பெயரிலாவது துடைப்பது இருக்கிறது. வினையில் வளர்ச்சி மட்டும்தான். இத்தனை கூட்டியும் பெருக்கியும் எந்தக் கணக்கிலும் ஏறாத வேலை வேறு உண்டா என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பு சிரித்தது.

நன்னூல் தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக மங்கலத்தைச் சொல்கிறது. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது, விளக்கை அணைக்காமல் குளிர வைப்பது எல்லாம் நாம் மனப்பாடம் செய்தவை. தாலிக்கயிறு அற்றுப்போனால் ‘பெருகிற்று’ என்பதும் இந்த வழக்குதான். இந்தியில் ‘படானா’ என்றால் பெருகச் செய்தல். ஆனால் விளக்கைப் ‘படானா’ செய்தால் அணைப்பது, கடையை என்றால் மூடுவது, வளையலை என்றால் கழற்றுவது. எங்கெங்கோ பிறந்த இரண்டு மொழிகள் இந்த ஒரு தந்திரத்தில் எப்படி ஒன்றுசேர்ந்தன பாருங்கள். பெண்ணின் உடம்பை ஒட்டிய பொருள் அறுந்தால், உடைந்தால், அதைப் பெருக்கம் என்று சொல்லவேண்டும். வீடு பெருக்குவதையும் இந்த வரிசையில் வைத்துத்தான் நான் வாசிக்கிறேன். இழப்பின் பெயரை மட்டும் மாற்றி, இழப்பை அவளிடமே விட்டுவிடும் இலக்கணம் இது.

2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணைக்கு அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்ததில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சுற்று ஊர்களில் போய் ‘பெருகிற்று’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு எழாது.

பட்டாசு அறையில் தூவுகிற தூளும் தட்டுகிற தூசியும் வேறுவேறு அல்ல. அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு எல்லாம் கையிலிருந்து சிந்தித் தரையில் படிகின்றன. மேசையில் இருக்கும்போது அது மருந்து, தரைக்கு வந்தால் குப்பை. எரியும் குணம் மட்டும் மாறுவதில்லை. விபத்துச் செய்திகளில் ‘மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு’ என்று வாடிக்கையாக எழுதுவார்கள். யாருடைய கையில், யார் வைத்த வேகத்தில் உராய்ந்தது என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. ஆங்கிலத்தின் டஸ்டைப் போலவே அதையும் இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மாணவிக்கு முழு மதிப்பெண் போட்டேன். விடைத்தாளை வாங்கிக்கொண்டவள் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். எண்ணிக்கைக் கூலிதானாம், செய்ததை எண்ணிக் கொடுத்துவிட்டு அறையைப் பெருக்கிய பிறகே வீட்டுக்குக் கிளம்ப முடியும். “பெருக்குறதுக்குத் தனியாக் காசு கெடையாதும்மா.”

எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

“அரை மணி நேரம் ஆகும்மா. மெதுவாத்தான் பெருக்கணும். வேகமாப் பெருக்குனா ஒரசிரும்.”