கடைசி ஆளின் கால்

நெடுந்தூரம் நடக்கும் படையின் நேர்த்தியைப் பார்க்க விரும்புகிறவர் வரிசையின் வால்பக்கம் போய் நிற்க வேண்டும். முன்னால் போகிறவர்கள் எந்தப் படையிலும் மிடுக்காகத்தான் போவார்கள். நடையை வகுத்தவருக்குத் தொழில் தெரியுமா என்பது கடைசிப் பத்துப் பேரின் காலில் தெரிந்துவிடும்.

முதல் ஆள் ஓர் ஓடையைத் தாண்டும்போது இரண்டு நொடி தயங்குகிறார். பின்னால் வருபவர் இன்னும் கொஞ்சம் தயங்குகிறார். அந்தத் தயக்கம் ஆளுக்கு ஆள் பெருகி வாலுக்கு வந்து சேரும்போது, அங்கே ஒரு கூட்டமே நின்றுகொண்டிருக்கும். தாண்டிய முதல் ஆளோ பழைய வேகத்தைப் பிடித்துவிடுவார். இடைவெளியை அடைக்கப் பின்னவர்கள் மூட்டையோடு ஓட வேண்டும். நாள் முழுக்க நின்று, ஓடி, மறுபடி நின்று வருகிறவர் நடந்த தூரம் மற்றவர்கள் நடந்ததுதான். படும் பாடு இரண்டு மடங்கு. நடை அறிந்தவர் தலையில் இருந்தால், ஓடையைத் தாண்டியதும் வேண்டுமென்றே மெதுவாகப் போவார். கடைசி ஆள் தாண்டியது தெரிந்த பிறகுதான் வேகம் கூட்டுவார். கண்ணுக்குத் தெரியாத ஒருவருடைய காலுக்காகத் தன் காலை அடக்குவது எனக்குப் பெரிய கலையாகப் படுகிறது.

அணிவகுப்பு மைதானத்தில் நிமிடத்துக்கு 120 அடி வைப்பார்கள். நெடுநடைக்கு அது ஆகாது. அமெரிக்க ராணுவக் கையேட்டின் கணக்கு 30 அங்குல எட்டு, நிமிடத்துக்கு 106. அப்படி நடந்தால் மணிக்கு 4.8 கிலோமீட்டர், மணிக்குப் பத்து நிமிட ஓய்வைக் கழித்தால் நான்கு. சந்தைக்குப் போகிற பாட்டிகூட அந்த வேகத்தில் போய்விடுவார். ஆனால் எட்டாவது மணியிலும் அதே நான்கு வர வேண்டும், அங்கேதான் வித்தை இருக்கிறது. கால் ஒத்துப் போட வேண்டியதில்லை, பேசலாம், பாடலாம் என்று ரூட் மார்ச் எனப்படும் நெடுநடையில் விட்டுவிடுவதும் இதற்காகத்தான். பேச முடிகிறவரை மூச்சு கைக்குள் இருக்கிறது.

தேனி, கம்பம் பக்கம் விடியற்காலையில் சாலையோரம் ஓடும் பையன்களைப் பார்க்கலாம். ராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். உள்ளதையெல்லாம் செலவழித்துவிடும் ஓட்டம் அது. சேர்ந்த பிறகு செலவழிக்காமல் வைத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கிப் பின்வாங்கிய, இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படைப் பெண்கள் அதைக் கற்ற விதம் கொடுமையானது. ஜானகி தேவரைப் போல மலாயாவிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். பகலில் விமானங்களுக்குப் பயந்து மரங்களுக்கடியில் பதுங்கல், இரவில் நடை. இருட்டில் முன்னால் போகிறவரின் முதுகுதான் பாதை. வரிசை அறுந்தால் வால் காட்டோடு போய்விடும். சுபாஷ் சந்திர போஸும் கால் கொப்புளத்தோடு அவர்களுடன் நடந்தார். தலைவர் நடந்ததில் மனதுக்குக் கிடைத்த தெம்பைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அவர் தன் காலிலேயே வலியை உணர்ந்தபடி வேகத்தை முடிவு செய்ய முடிந்ததே, எனக்கு அதுவும் முக்கியம்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கும் ராணுவக் கால்கள் வந்திருக்கின்றன. 1887 முதல் 1895 வரை பொறியாளர் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியபோது மதராஸ் பயனீர்ஸ் படையின் முதலாம், நான்காம் பட்டாலியன்கள் அந்த வேலையில் இருந்தன. மற்ற படைகள் நடக்கப் பாதை வெட்டுவதே பயனீர்களின் தொழில். எந்தச் சரிவில் மனிதக்கால் எத்தனை நேரம் தாங்கும் என்று அறியாதவர்கள் பாதை வெட்ட முடியாது.

அந்த அறிவை இன்று பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகை, மார்கழியில் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலைக்கு வரவேண்டும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நடந்தே வந்த ஐயப்ப சாமிகள், தலையில் இருமுடியும் பெரும்பாலும் வெறுங்காலுமாக ஏறுவார்கள். சமவெளியில் தார் சுடும்போது சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் கால் வைத்து வந்தவர்கள், மலையடியில் எட்டைச் சுருக்கிவிடுவார்கள். கொண்டை ஊசி வளைவில் புதுசாமி உள்ஓரத்தில் வெட்டி ஏறுவார். அங்கே தூரம் குறைவு, ஏற்றம் செங்குத்து. பழகினவர், வண்டி வராதபோது வெளிஓரமாகச் சுற்றி, மூச்சு மாறாமல் வருவார். குழுவை நடத்திப் போகும் குருசாமி திரும்பிப் பார்ப்பதே இல்லை. அவர் சரணம் சொல்ல, பின்னாலிருந்து பதில் குரல் வரும். அது முழுசாக வந்தால் அதே நடை. துண்டு துண்டாக வந்தால், வழியிலுள்ள இரைச்சல் பாலமோ நிழலோ வரும்வரை காத்திராமல் அந்த இடத்திலேயே நடையைக் குறைப்பார்.

குமுளியில் முதலில் ஏறியவர்கள் டீ குடித்து, கால் ஆறி எழுந்து நிற்கும் நேரத்தில்தான் கடைசிச் சாமி வந்து சேர்வார். எல்லாரும் வந்தாயிற்று, கிளம்பலாம் என்று அப்போதே இருமுடியைத் தூக்கும் குருசாமிகள் உண்டு. அங்கே அதிகமாக ஓய்வு தேவைப்பட்ட ஒருவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. கடைசிச் சாமி கையில் டீ வந்து, அவர் கால் நீட்டி உட்கார்ந்த பிறகு கடிகாரத்தைப் பார்க்கும் குருசாமியும் உண்டு. வண்டிப்பெரியாறு, சத்திரம், புல்மேடு என்று இன்னும் எவ்வளவோ தூரம் கிடக்கிறது, அவரோடு போகலாம்.